மெட்டியின் அடியில் தொடங்கிய புண்: காலுக்கு ரத்த ஓட்டம் மீட்கப்பட்ட ஒருவரின் 14 மாதப் பதிவு

நோயாளியையும் குடும்பத்தையும் அடையாளம் காண முடியாதபடி சில தனி விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. புண் கண்ணில் பட்ட நாளிலிருந்து மருத்துவமனையில் சேரும்வரை ஒரு கணக்கும், முதல் பலூன் சிகிச்சைக்குப் பிறகு வேறு கணக்குமாக வாரங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன.

பின்னணி

69 வயது அம்மையார். கணவர், மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகளுடன் சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வசிப்பவர். நீரிழிவு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4 விழுக்காடு. உயர் ரத்த அழுத்தமும் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 36 மில்லிலிட்டர்தான். 9 ஆண்டுகளுக்கு முன் இதய பைபாஸ் நடந்தது. அதற்கான சிரை இடது காலிலிருந்து எடுக்கப்பட்டது. புகைப்பழக்கம் இருந்ததே இல்லை.

இந்தப் பின்னணி நம்மவர்கள் வீட்டில் அரிதானதல்ல. 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூர் இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாக அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2017 தேசிய தினப் பேரணி உரையில் சொன்னார்.

வீட்டுச் சமையல் முழுவதும் அவர் பொறுப்பு. வீட்டுக்குள் எப்போதும் வெறுங்கால். இரண்டு கால்களின் இரண்டாம் விரலிலும் கல்யாணத்தன்று போட்ட வெள்ளி மெட்டி. 46 ஆண்டுகளாகக் கழற்றியதில்லை. சில ஆண்டுகளாக வலது மெட்டி விரலில் சுழலாமல் இறுகிப்போயிருந்தது. ஏழு மாதங்களுக்கு முன் பலதுறை மருந்தகத்தில் நடந்த ஆண்டுக் கால் பரிசோதனையில், பத்து இடங்களில் மெல்லிய இழையால் தொட்டபோது நான்கில் மட்டுமே உணர்ச்சி இருந்தது. பாதத்து நாடி 'மெலிவு' என்று குறிக்கப்பட்டது. மெட்டியைக் கழற்றியோ நகர்த்தியோ அடியில் பார்த்ததாகக் குறிப்பு இல்லை.

மருத்துவமனைக்கு முன் ஆறு வாரங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவிவிட்ட மகள், வலது மெட்டியின் அடியில் ஈரத்தையும் துர்நாற்றத்தையும் கவனித்தார். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்ற முயன்றும் மெட்டி வரவில்லை. மறுநாள் பக்கத்துக் கிளினிக்கில் அதை வெட்டி எடுத்தார்கள். அடியில் விரலைச் சுற்றி வளையமாக ஒரு புண். ஒரு வாரத்துக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை தரப்பட்டது.

இரண்டாம் வாரம் பலதுறை மருந்தகத்தில் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனை நடந்தது. வலது 1.22, இடது 1.18. 0.9-க்குக் கீழே வந்தால்தான் அடைப்பு என்பது பொது அளவுகோல் என்பதால் 'ரத்த ஓட்டம் சரி' என்று பதிவானது. வாரம் மூன்று முறை கட்டு மாற்றச் சொன்னார்கள்.

இந்த நிகழ்வின் முதல் பெரிய பிழை இங்கேதான். நீண்ட நாள் நீரிழிவும் சிறுநீரகக் குறைவும் சேர்ந்தால் தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும். கணுக்காலில் கட்டும் பட்டை அதை நசுக்க முடியாது. நசுக்கத் தேவைப்பட்ட அழுத்தத்தைத்தான் கருவி காட்டுகிறது. உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை அல்ல. அதனால் ஏறக்குறைய அடைத்துப்போன குழாயும் 'சரி' என்று வாசிக்கப்படும். 1.4-ஐத் தாண்டினால் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். 1.0-க்கும் 1.3-க்கும் நடுவில் விழும் போலி எண்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது யாரையும் உறுத்தாது. அதே சோதனைத் தாளில் அச்சாகியிருந்த அலைவடிவம் மூன்று மேடுகளுக்குப் பதில் ஒரே தட்டையான மேடாக இருந்தது. எண்ணைப் பார்த்தவர்கள் அந்த வடிவத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் வாரம் விரல் நுனி கறுத்தது. இரவில் படுத்தால் வலி. எழுந்து காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால் குறையும். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினார். பாதம் வீங்கிச் சிவந்தது. தொங்கும் காலில் புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தைக் கீழே இழுத்துத் தருவதால்தான் வலி தணிகிறது, நிறமும் அதனால்தான். காலை 45 பாகை உயர்த்தி ஒரு நிமிடம் பிடித்திருந்தால் பாதம் வெளுத்திருக்கும். கிருமித்தொற்றின் சிவப்பு அப்படி வெளுக்காது.

குடும்பம் ஏன் இரண்டு வாரம் பொறுத்திருந்தது என்று பின்னர் கேட்டபோது கிடைத்த விளக்கம் முக்கியமானது. 'நரம்பு பாதிச்சிருக்கு' என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு, அதற்கு மாத்திரையும் தரப்பட்டு வந்தது. பேச்சுத் தமிழில் உணர்வு நரம்புக்கும் நரம்பு என்கிறோம், ரத்தக்குழாய்க்கும் நரம்பு என்கிறோம். ரத்தம் எடுக்கும்போது 'நரம்பு கிடைக்கல' என்றுதானே சொல்கிறோம். 'நரம்பு அடைப்பு இருக்கலாம்' என்று ஒருவர் எச்சரித்ததும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அதற்குத்தான் என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாத்திரையின் அளவு ஐந்தாம் வாரம் கூட்டப்பட்டது.

ஆறாம் வாரம் பாத மருத்துவர் பெருவிரலில் சிறு பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார். விரல் தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறாது என்பதால் அந்த எண்ணை நம்பலாம். 22 மில்லிமீட்டர் பாதரசம். 30-க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார்.

சேர்க்கையின்போது கண்டவை

காய்ச்சல் 37.9 பாகை. வெள்ளணுக்கள் 14.2, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 96, இரண்டும் அதிகம். ஹீமோகுளோபின் 9.6, குறைவு. இரண்டாம் விரல் முழுக்கக் கறுப்பு. அதன் அடியிலிருந்து புறங்காலில் 3 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சிவப்பு. எக்ஸ்ரேயில் விரல் நுனி எலும்பு அரித்திருந்தது. அழுத்திப் பார்த்ததில் சீழ்த் தேக்கம் தென்படவில்லை.

புண், ரத்தக்குறைவு, தொற்று மூன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும் முறையில் இவருக்கு 2, 3, 2. மொத்தத்தில் நான்காம் நிலை, அதாவது ஓராண்டுக்குள் கால் போகும் அபாயம் மிக அதிகமுள்ள பிரிவு. 'காலில் அடைப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடக்காமல், எது இந்தக் காலை அச்சுறுத்துகிறது என்று பிரித்துக் காட்டுவதால் இந்த மதிப்பெண் முறை உதவுகிறது.

டாப்ளர் ஸ்கேனில் தொடைத் தமனியும் முழங்கால் பின்புறத் தமனியும் திறந்திருந்தன. அதற்குக் கீழே பாதத்தை நோக்கி இறங்கும் மூன்று தமனிகளில் முன்தமனி தொடக்கத்திலிருந்து கணுக்கால்வரை மூடியிருந்தது, பின்தமனியும் அப்படியே. நடுத்தமனி ஒன்றுதான் பாக்கி, அதிலும் இரண்டு இடங்களில் கடுமையான குறுக்கம். புறங்காலின் தமனி மட்டும் கிளைக்குழாய்கள் வழியாக மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. நீரிழிவில் வழக்கமாகக் காணும் படம் இது. சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை, சுண்ணாம்பு மிகுந்த சிறு குழாய்களை அது தெளிவாகக் காட்டாது, சாயமோ சிறுநீரகத்துக்குச் சுமை.

முடிவும் காரணமும்

குடும்பத்தின் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. தமிழ் பேசும் தாதி ஒருவர் உடனிருந்தார். 'நரம்பு' என்ற சொல்லை அன்று யாரும் பயன்படுத்துவதில்லை என்று முன்கூட்டியே முடிவானது. 'ரத்தக்குழாய்' என்று மட்டும் சொல்லி, தாளில் மூன்று கோடு வரைந்து இரண்டை அடித்துக் காட்டினார்கள்.

முதல் வழி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவது. நடக்கவே முடியாதவர், பாதம் முழுக்க அழுகியவர், தொற்றால் உயிருக்கு ஆபத்தானவர் என்றால் அதுவே சரியான சிகிச்சையாகவும் இருக்கும். இவர் அந்த வாரம்வரை கீழே இறங்கிச் சந்தைக்குப் போய்வந்தவர். "கால எடுத்துட்டா நான் அடுப்படியில எப்படிம்மா நிப்பேன்?" என்று தாதியிடம் கேட்டார். "நிக்கிறதுக்குத்தான் வழி பாக்குறோம்மா. ஆனா இந்த விரலு நிக்காது" என்று தாதி சொன்னார். விரல் போகும் என்பது அன்றைக்கே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

இரண்டாம் வழி, சொந்தச் சிரையைக் கொண்டு பைபாஸ். 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல நீண்ட தொடைச்சிரை இருந்த 1,434 பேரில் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 42.6 விழுக்காட்டினருக்கும், குழாய்வழிச் சிகிச்சை (தமனிக்குள்ளேயே கம்பியும் பலூனும் செலுத்தித் திறப்பது) பெற்றவர்களில் 57.4 விழுக்காட்டினருக்கும் காலில் பெரும் பாதிப்போ மரணமோ நேர்ந்தது. அப்படிப்பட்ட சிரை இல்லாத 396 பேரில் தெளிவான வேறுபாடு இல்லை. மறு ஆண்டு வந்த பேசில்-2 ஆய்வு முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரைப் பார்த்தது. அதில் பெரிய அங்க நீக்கமோ மரணமோ பைபாஸ் பிரிவில் 63 விழுக்காடு, குழாய்வழிப் பிரிவில் 53. ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றும் இந்த இரண்டில் எது இவருக்குப் பொருந்தும் என்பதற்கு விடை அவருடைய சிரையிலேயே இருந்தது. வலது தொடைச்சிரையை ஸ்கேனில் அளந்தபோது தொடையில் 2.4 மில்லிமீட்டர், முழங்காலுக்குக் கீழே 1.8. பைபாஸுக்கு 3 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. இடது காலின் சிரை இதயத்துக்குப் போய்விட்டது. கைச் சிரையைத் தொடக்கூடாது. பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதுதான் கைகொடுக்கும்.

ஆகவே மூன்றாம் வழியான பலூன். முன்தமனியைத் திறப்பதே முதல் இலக்கு, ஏனென்றால் இரண்டாம் விரலுக்கும் புறங்காலுக்கும் அதுதான் நேரடி வழி. அது முடியாவிட்டால் நடுத்தமனி. சீழ் தேங்கியிருந்தால் அதை முதலில் கீறி வெளியேற்றிவிட்டுத்தான் ரத்தக்குழாயிடம் போயிருப்பார்கள். இங்கே தேக்கம் இல்லாததால் மருந்தால் தொற்றை அடக்கி, ரத்தத்தைக் கொண்டுவந்து, பிறகு விரலை எடுப்பது என்று வரிசை முடிவானது. ரத்தம் வருமுன் விரலை வெட்டினால் வெட்டிய இடமே அடுத்த கறுப்பாகும்.

சிகிச்சை நாள்

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் அன்று காலையே நிறுத்தப்பட்டு, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகச் சோதனைக்குப் பிறகே மீண்டும் தொடங்கப்பட்டது. தொடை இடுக்கில், ஸ்கேன் பார்த்தபடி, கீழ்நோக்கி ஊசி நுழைக்கப்பட்டது. எதிர்க் காலிலிருந்து வந்தால் கணுக்காலைத் தொடக் கம்பியின் நீளமும் உந்துவிசையும் போதாமல் போகும். ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் 5,000 யூனிட். முழங்கால்வரை படம் எடுக்கச் சாயத்துக்குப் பதில் கரியமிலவாயு. அதற்குக் கீழே மட்டும் நீர்த்த சாயம். மொத்தம் 38 மில்லிலிட்டர் சாயத்தில் வேலை முடிந்தது.

முன்தமனிக்குள் மேலிருந்து விட்ட 0.014 அங்குலக் கம்பி பாதி தூரத்தில் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து, திரும்ப உட்குழிக்கு வர மறுத்தது. பலவந்தமாகத் தள்ளினால் சுவர் கிழியும். எனவே புறங்கால் தமனியில் ஸ்கேன் உதவியுடன் மெல்லிய ஊசி போட்டு, கீழிருந்து மேலே இன்னொரு கம்பி செலுத்தப்பட்டது. அந்தத் தமனிதான் பாதத்தின் கடைசி நம்பிக்கை என்பதால் அங்கே பெரிய உறை எதுவும் வைக்கவில்லை. கம்பியும் நுண்குழாயும் மட்டும். இரண்டு கம்பிகளும் கெண்டைக்கால் நடுவில் சந்தித்தன. ஊசி போட்ட இடத்தில் தமனி இறுகியதால் அதைத் தளர்த்த நைட்ரோகிளிசரின் 200 மைக்ரோகிராம் கொடுக்க வேண்டிவந்தது.

கணுக்கால் பக்கம் 2 மில்லிமீட்டர், மேலே 2.5 மில்லிமீட்டர் பலூன். ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிமிடம் ஊதி வைக்கப்பட்டது. அவசரமாக அரை நிமிடத்தில் இறக்கினால் சுவரின் உள்அடுக்கு கிழிந்து மடல்போல் தொங்கும். நடுத்தமனியின் இரண்டு குறுக்கங்களும் விரிக்கப்பட்டன. பலூனை எடுத்ததும் வரும் படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். இந்தச் சிறு குழாய்கள் சில நிமிடங்களில் மீண்டும் சுருங்கும் குணமுள்ளவை. 15 நிமிடம் காத்திருந்து எடுத்த படத்தில் கணுக்காலுக்கு மேலே ஓரிடம் பாதியாகச் சுருங்கியிருந்தது. அங்கே மட்டும் மறுபடி ஊதினார்கள்.

ஸ்டென்ட் வைக்கவில்லை. கரையும் தாங்கிச்சட்டம் முழங்காலுக்குக் கீழே நல்ல பலன் தந்ததை 2023-இல் வந்த லைஃப்-பிடிகே ஆய்வு காட்டியது; 261 பேரில் ஓராண்டில் கால் நீக்கம், மறு அடைப்பு, மறுசிகிச்சை போன்றவை இல்லாமல் இருந்தவர்கள் சட்டம் வைத்த பிரிவில் 74 விழுக்காடு, பலூன் பிரிவில் 44. ஆனால் அது கெண்டைக்காலின் மேல்பகுதிக் குறுக்கங்களுக்கான கருவி. இங்கே தொல்லை கணுக்காலருகே, நீளமும் அதிகம்.

மறுநாள் பெருவிரல் அழுத்தம் 41. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 136-லிருந்து 149-க்கு ஏறி ஐந்து நாளில் இறங்கியது.

விரல் நீக்கமும் மருத்துவமனை நாள்களும்

நான்காம் நாள் இரண்டாம் விரல், பின்னாலிருக்கும் எலும்பின் தலையோடு எடுக்கப்பட்டது. வெட்டிய விளிம்பில் ரத்தம் கசிந்தது நல்ல அறிகுறி. விளிம்பு எலும்பின் கிருமிப் பரிசோதனையில் எதுவும் வளராததால் கிருமிக்கொல்லி மருந்தை வாரக்கணக்கில் இழுக்காமல் சில நாள்களில் நிறுத்த முடிந்தது. காயம் தைக்கப்படாமல் திறந்தே விடப்பட்டு, உறிஞ்சு கட்டு போடப்பட்டது. அளவு 3.6 × 2.4 சென்டிமீட்டர்.

குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 100 மில்லிகிராமுடன் கிளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் மூன்று மாதத்துக்கு. உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ரிவராக்சபான் குறைந்த அளவில், 2.5 மில்லிகிராம் இருவேளை, ஆஸ்பிரினோடு சேர்த்தால் பலனுண்டு என்று 6,564 பேரைக் கொண்ட வாயேஜர் ஆய்வு 2020-இல் காட்டியிருக்கிறது. இவருக்கு முன்பு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்திருந்தது, ரத்தசோகையும் இருந்தது, அதனால் தவிர்க்கப்பட்டது. கெட்ட கொழுப்பு 2.9-லிருந்து 1.4-க்குக் கீழே வர, அட்டோர்வாஸ்டாட்டினைக் கூட்டி எசெடிமைப் சேர்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் இடது குதிகாலில் ஊதா நிறத் திட்டு தெரிந்தது. வலது காலைப் பஞ்சுத் தாங்கியில் வைத்து எல்லாரும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடது குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடந்தது. அந்தக் காலின் விரல் அழுத்தம் 48. அதுவும் ரத்தம் குறைந்த கால்தான். 'நல்ல கால்' என்ற சொல்லே கண்ணை மறைத்தது. அந்தப் புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. 19-ஆம் நாள் சமூக மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்.

ஒன்பதாம் வாரத் தேக்கம்

புண்ணின் பரப்பு நான்காம் வாரம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. நான்கு வாரத்தில் பாதியாவது நல்ல அடையாளம். ஏழாம் வாரம் நின்றுபோனது. ஒன்பதாம் வாரம் தசை சிவப்பு மங்கி வெளிறியது. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிய தாதி அதைப் படமெடுத்து அனுப்பி, "கட்டுத் துணியை மாத்தி பயனில்லை, ரத்தத்தைப் பாருங்க" என்று எழுதினார். கண்காணிப்பு ஸ்கேன் 12-ஆம் வாரத்துக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அதை முன்னுக்கு இழுத்தார்கள். விரல் அழுத்தம் 27. முன்தமனியின் கீழ்ப்பகுதி 9 சென்டிமீட்டர் நீளத்துக்கு மீண்டும் மூடியிருந்தது.

குழாய் திறந்திருக்கும் காலத்துக்கும் புண் ஆற எடுக்கும் காலத்துக்கும் நடக்கும் பந்தயம் இது. முழங்காலுக்குக் கீழே பலூனால் திறந்தவை சில மாதங்களில் மூடிக்கொள்வது சாதாரணம். புண் ஆறிய பிறகு மூடினால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆறிய தோலுக்குத் தேவையான ரத்தம் குறைவு. ஆறுமுன் மூடினால் எல்லாம் பழைய இடத்துக்கே போகும். பத்தாம் வாரம் இரண்டாம் பலூன் சிகிச்சை நடந்தது. இந்த முறை மேலிருந்தே கம்பி போய்விட்டது. மறுநாள் அழுத்தம் 44.

முடிவு

26-ஆம் வாரம் புண் முழுதாக மூடியது. 14-ஆம் மாதத்தில் இரண்டு கால்களும் இருக்கின்றன. அடிப்பாகம் வளைந்த தனிக் காலணியுடன் வீட்டுக்குள்ளும் நடக்கிறார், அடுப்படியில் உயர்ந்த முக்காலி போட்டு உட்கார்ந்து சமைக்கிறார். இரவு வலி இல்லை.

அதோடு இதையும் எழுத வேண்டும். மூன்று முறை மருத்துவமனை வாசம், சமூக மருத்துவமனையும் சேர்த்து 61 நாள். 90-க்கும் மேற்பட்ட கட்டு மாற்றங்கள். மகள் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். பதினோராம் மாதம் இதயத் திறன் குறைந்து மூச்சுத்திணறலோடு ஐந்து நாள் படுத்தார். காலில் இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு இதயமும் மூளையும் அதே நோயைச் சுமக்கின்றன. 'கால் காப்பாற்றப்பட்டது' என்ற வரி மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு முழுமையடையாது.

மாற்றவேண்டியவை

நீரிழிவோடு பாதத்தில் புண் இருந்தால், கணுக்கால் எண் என்னவாக இருந்தாலும் முதல் வருகையிலேயே விரல் அழுத்தம் பார்த்திருக்க வேண்டும். நான்கு வாரம் மிச்சமாகியிருக்கும். விரலின் பாதியாவது தப்பியிருக்கலாம். அளக்கும்போது ஒரு கவனம்: குளிரூட்டிய அறையில் விரல் சில்லிட்டிருந்தால் அழுத்தம் பொய்யாகக் குறையும். கம்பளி போர்த்திப் பத்து நிமிடம் படுக்கவைத்த பிறகே பட்டை கட்டவேண்டும்.

திறந்த புண்ணோடு வீடு திரும்புபவருக்கு முதல் ஸ்கேனும் விரல் அழுத்தமும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள். பிறகு புண் மூடும்வரை மாதம் ஒருமுறை அழுத்தம். இரண்டு வாரம் பரப்பு குறையாவிட்டால் தேதிக்குக் காத்திராமல் கூப்பிட வேண்டும். கட்டு மாற்றும் தாதி நேராக அழைக்க ஒரு தொலைபேசி எண் அவர் கையில் இருக்கவேண்டும். இங்கே தாதியின் படத்துக்கு அன்றே பதில் கிடைத்தது அவர் சிலரைத் தனிப்பட அறிந்திருந்ததால்தான். அதை நம்பி ஒரு ஏற்பாடு இருக்க முடியாது.

படுக்கையில் இரண்டு குதிகால்களும் தூக்கி வைக்கப்பட வேண்டும், முதல் நாளிலிருந்தே.

தமிழ் பேசும் குடும்பத்திடம் 'நரம்பு' என்று சொல்லிவிட்டு நகரக்கூடாது. 'உணர்ச்சி தெரியாத நோய்' வேறு, 'ரத்தம் போகாத நோய்' வேறு, மாத்திரைகளும் வேறு என்று தனித்தனியாகச் சொல்லி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

கால் பரிசோதனைத் தாளில் மெட்டிக்கு ஓர் இடம் வேண்டும். கணவர் உயிரோடிருக்கும்போது கழற்றச் சொன்னால் மனம் நோகும் என்று தாதிகள் தயங்குகிறார்கள். அது நியாயமான தயக்கம். இவருடைய இடது மெட்டியைக் கழற்றும்படி கணவரே கேட்டுக்கொண்டார். சோதனைக்கு முன் கணவரையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர் விட்டு ஒருமுறை சுழற்றிப் பார்ப்பது அரை நிமிட வேலை. சுழலாத மெட்டியை அன்றே வெட்டி எடுத்து, தளர்வாகச் செய்துகொள்ளும்வரை சாமியறையில் வைக்கச் சொல்லலாம்.